குளத்திற் கூடி வளரத்தக்க மீன்கள்

உலர் வலயத்துக் கிராமங்களிலுள்ள சிறு குளங்களிற் பெரும்பாலானவை மாரியில் நிறைந்து ஆவணி, புரட்டாதி மாதங்களில் வற்றிப்போவன. அவற்றில் நீர் நிற்பது ஏறக்குறைய 8 மாதங்களே. நெல்லுக்குப் பாயும் அந்நீரே, உரிய மீன்குஞ்சுகளை விட்டால், கிராமத்தாருக்கு உணவும் கைப்பணமும் தரும். ஆயின், பொருந்தாத மீன்களை ஒரே குளத்தில் விட்ட கமக்காரர் தம் தவற்றை அறிவது நீர் வற்றி வலை இழுக்கும் நாளிலேயே. அதன்பின் அடுத்த மாரி வரை காத்திருத்தலன்றி வேறு வழியில்லை. ஆதலால் எம்மீனை எம்மீனோடு விடலாம் என்பதைக் குஞ்சு வாங்குமுன்னரே தீர்மானித்தல் வேண்டும்.

வீட்டுத் தோட்டத்திலே தென்னையின் கீழ் வாழையும், வாழையின் கீழ் இஞ்சியும் வளர்கின்றன. ஒன்றன் உணவை மற்றொன்று பெரிதும் பறிப்பதில்லை. குளத்து நீரும் இத்தகைய அடுக்குகளையுடையதே. மேல் நீரிற் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும், நடு நீரிலே தண்டு, கல் முதலியவற்றிற் படியும் பாசியும், அடியில் மக்கிய இலைதழைகளும் உணவாக உள்ளன. ஒரே இன மீனை மாத்திரம் விட்டால் ஓரடுக்கின் உணவு போதாமற்போக, மற்றைய அடுக்குகளின் உணவு வீணாகும்.

ஒரு மீன் எவ்வடுக்கில் மேயும் என்பதை அதன் வாயைப் பார்த்தே பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். கட்லாவின் வாய் மேல்நோக்கியது, தலையும் பெரிது. அது மேல் நீரிலுள்ள நுண்ணிய விலங்குயிர்களை உண்டு விரைவில் வளரும்; வளமான குளமாயின் ஒரு பருவத்திலேயே ஒரு கிலோகிராமையும் எட்டக்கூடும். ரோகுவின் உதட்டிலே கரை வைத்துத் தைத்தாற்போன்ற விளிம்பு உண்டு. அது நடு நீரிற் பாசியையும் அழுகும் தாவரப் பகுதிகளையும் மேயும். மிரிகாலின் வாய் சற்றே கீழ்நோக்கியிருத்தலால் அது அடிமட்டத்துக் கழிவுகளை உண்ணும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பகைப்பதில்லை. கட்லா 4, ரோகு 3, மிரிகால் 3 என்னும் விகிதம் இந்தியாவில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வந்ததாகும். புதிதாகத் தொடங்குவோர்க்கு அதுவே ஏற்றது.

இம்மூன்றோடு வேறு மீன்களைச் சேர்க்க விரும்புவோர் அவதானமாயிருத்தல் வேண்டும். பெருந்தலைக் கெண்டை கட்லா உண்ணும் உணவையே உண்பதால் இரண்டில் ஒன்றையே தெரிதல் நன்று. வெள்ளிக் கெண்டை மேல் நீரில் வாழ்வதாயினும் நீரைப் பச்சையாக்கும் நுண்ணிய தாவரங்களையே பெரிதும் வடித்து உண்ணும். ஆகவே பச்சை நீருள்ள குளத்தில் அதனை ஓரளவு சேர்க்கலாம். சாதாரண கெண்டை மிரிகாலைப்போல் அடியில் இரை தேடும். அன்றியும் சேற்றைக் கிண்டி நீரைக் கலக்கும். குளக்கட்டின் கரையையும் பன்றி உழுததுபோலக் கிளறும். ஆதலின் கட்டு உறுதியற்ற குளத்தில் அதனை விடாதிருத்தலே நன்று. புல் கெண்டை நீரினுள் வளரும் களைகளை உண்பது. களை மிகுந்த குளத்திற் பத்தில் ஒரு பங்கு போதும். ஆகாயத்தாமரையையும் அது அழித்துவிடும் என எதிர்பார்த்தல் வீணே. அதனைக் கையினாலேயே அகற்றல் வேண்டும்.

திலாப்பியா 1952 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. வற்றாத பெருங்குளங்களில் மீன்பிடிப்போரின் பிழைப்பு பெரிதும் அதனையே நம்பியுள்ளது. அக்குளங்களில் அதற்கு நிகரானது பிறிதில்லை எனலாம். ஆயினும் சிறு குளத்தின் கதை வேறு. திலாப்பியா சில மாதங்களிலேயே முதிர்ந்து, முட்டையையும் குஞ்சையும் வாயிற் காத்து, மீண்டும் மீண்டும் பெருகும். குளம் வற்றும்போது கையளவு மீன்களே குவியலாகக் கிடைக்கும். அவற்றோடு உணவுக்குப் போட்டியிட்ட கெண்டைகளும் இளைத்திருக்கும். மேற்குளத்திலிருந்து நீரோடு வந்து சேரும் திலாப்பியாவைத் தடுக்க இயலாது. விலை கொடுத்து வாங்கி விடாதிருத்தல் இயலும்.

கட்லா முதலிய பெருங்கெண்டைகளோ தேங்கிய நீரில் இனம்பெருக்குவதில்லை. இதனால் ஆண்டுதோறும் குஞ்சு வாங்கவேண்டியிருப்பினும், விட்ட தொகைக்கு மேல் மீன் பெருகாது என்ற நன்மை உண்டு. நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உடவளவை, தம்புள்ளை, இங்கினியாகலை முதலிய இடங்களிலுள்ள நிலையங்களிற் குஞ்சுகளை உற்பத்தி செய்கின்றது.

இனி, கூடி வாழவே மாட்டாத மீனைப் பற்றிக் கூறவேண்டும். விரால் சுவையானது; சந்தையில் நல்ல விலை போவது. வற்றிய குளத்தின் கடைசிக் குட்டையிற் கிடக்கும் விரால்களை, "அடுத்த மாரிக்கு இருக்கட்டும்" எனச் சிலர் விட்டுவிடுவதற்கு இதுவே காரணம். காற்றைச் சுவாசிக்கவல்ல அது சிறிதளவு நீரிலும் ஈரச் சேற்றிலும் உயிர் பிழைத்திருக்கும். மழை பெய்து குளம் நிறைந்து, புதிய குஞ்சுகள் விடப்படும்போது, பசியோடிருக்கும் அவ்விரால்களுக்கு அது விருந்தாகும். ஒரு விராலைப் பாதுகாத்து நூறு கட்லாவை இழத்தல் இலாபமன்று. கெளிறும் இவ்வாறே. ஆதலால் எஞ்சிய நீரை வலைபோட்டு முற்றாக அரித்தெடுத்தல் வேண்டும். அப்படிச் செய்தாலும் வான் பாயும் நீரை எதிர்த்துச் சில விரால்கள் ஏறிவரும். எனவே 2 அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சுகளை விடுதல் ஆகாது. 3 அல்லது 4 அங்குலக் குஞ்சுக்கு விலை சற்றுக் கூடுதலாயினும் உயிர்தப்பும் தொகை மிகுதி. நீர்க்காகத்துக்கும் இதுவே பரிகாரம்.

குஞ்சுகளின் தொகையைக் கணிக்கையிற் குளம் நிரம்பிய பரப்பைக் கொள்ளலாகாது. பருவம் முழுவதும் நீர் குறைந்துகொண்டே செல்லுமாதலால் அதன் பாதியையே கொள்ளல் வேண்டும். நிரம்பும்போது 10 ஏக்கர் பரப்புள்ள குளத்தை 5 ஏக்கராகக் கருதி, ஏக்கருக்கு 800 வீதம் 4,000 குஞ்சுகள் விடலாம். அவற்றிற் கட்லா 1,600, ரோகு 1,200, மிரிகால் 1,200 ஆகும். களை மிகுந்திருந்தால் ரோகுவிற் சிறிது குறைத்துப் புல் கெண்டை 400 சேர்க்கலாம். வான் பாய்ந்து ஓய்ந்த பின்னரே குஞ்சு விடுதல் வேண்டும். முந்தினால் அவை வெள்ளத்தோடு போய்விடும். காலையிலோ மாலையிலோ, குஞ்சுப் பைகளைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நீரில் மிதக்கவிட்டு, பையின் நீரும் குளத்து நீரும் ஒரே வெப்பத்தை அடைந்தபின் மெதுவாகத் திறந்துவிடுக.

குளத்து நீர் முதலில் வயலுக்கே உரியது. மீனுக்காகத் துருசை மூடுமாறு ஒருவர் கேட்பதும், மற்றவர் மறுப்பதும் பல கிராமங்களில் மனக்கசப்பை விளைத்துள்ளன. எந்த மட்டம் வரை நீர் இறக்கலாம், மீன் விற்ற பணம் எவ்வாறு பங்கிடப்படும் என்பவற்றைப் போகத்துக்கு முன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே பேசி எழுதிக்கொள்வது உத்தமம். மேல்வயல்களிற் பூச்சிகொல்லி தெளித்த நாட்களில் அவ்வயல் நீரைக் குளத்துக்குள் வடியவிடாதிருக்கவும் அங்கேயே உடன்படலாம்.

அயற் குளங்கள் யாவும் ஒரே வாரத்தில் வற்றுவதால் மீன் விலை திடீரென வீழ்வது வழக்கம். நீர் குறையத் தொடங்கும் ஆடி மாதத்திலேயே இழுவை வலையினாற் பெரிய கட்லாக்களை முதலிற் பிடித்து விற்கலாம். அதனால் எஞ்சியவற்றுக்கு இடமும் உணவும் கூடும். மிரிகால் அடியிற் பதுங்கி வலைக்குத் தப்புமாகையால் அதனைக் கடைசி நீரிலேயே பிடிக்க முடியும். அவ்வேளையில் வலையில் அகப்படும் விரால்களையும் கெளிறுகளையும் மீண்டும் நீரில் விடாது, மற்ற மீன்களோடு அன்றே சந்தைக்கு அனுப்பிவிடுக.