வீட்டில் பீர் காய்ச்சிய வாலிபர்

அமெரிக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 8 மணி. சமையல் அறையில் ஒரு வாலிபர் பெரிய பானையில் தண்ணீரைச் சுட வைக்கிறார். மேஜை மீது 4½ கிலோ உடைத்த பார்லி இருக்கிறது. பக்கத்தில் ஒரு வெப்பமானி.

அவர் செய்யப் போவது கஞ்சி அல்ல. பீர்!

இதற்கு முன்பும் அவர் வீட்டில் பீர் காய்ச்சியது உண்டு. அப்போது கடையில் விற்கும் பார்லிப் பாகை வாங்கித் தண்ணீரில் கரைத்தார். கடை மாவை வாங்கித் தோசை சுடுவது போன்ற வேலை அது. இன்றுதான் முதல் தடவையாகத் தானியத்தில் இருந்தே தொடங்குகிறார். அரிசியை ஊறப்போட்டு, தானே மாவு ஆட்டித் தோசை சுடுவது போன்றது இது.

முன்பு குற்றம்

அமெரிக்காவில் 1920-ம் ஆண்டு மதுவிலக்கு வந்தது. 1933-ல் அது நீங்கியது. அதன் பிறகு வீட்டில் திராட்சை மது தயாரிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் பீருக்கு இடம் இல்லை.

1978-ம் ஆண்டு ஜனாதிபதி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதன்படி, பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் பீர் வரி இல்லாமல் காய்ச்சலாம். 200 காலன் என்பது சுமார் 757 லிட்டர். ஆனால் அதை விற்கக் கூடாது. மிசிசிப்பி, அலபாமா ஆகிய 2 மாநிலங்கள் மட்டும் 2013 வரை இதற்குத் தடை விதித்து இருந்தன.

முளையின் வேலை

பனங்கள் தானாகவே புளிக்கிறது. ஏன்? பாளையில் இருந்து சொட்டும் சாற்றிலேயே சர்க்கரை இருக்கிறது. பார்லியில் இருப்பதோ மாவுச்சத்து. அது அப்படியே புளித்து மது ஆகாது. முதலில் அது சர்க்கரையாக மாற வேண்டும்.

அந்த மாற்றத்தைச் செய்யும் பொருள் பார்லிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு நொதி என்று பெயர். பார்லியை ஊறவைத்து முளைகட்டினால் நொதிகள் பெருகும். முளைத்த பார்லியை உலர்த்தினால் அதுதான் 'மால்ட்'. அதை உடைத்து வெந்நீரில் போட்டால் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும்.

ஆனால் சூடு சரியாக இருக்க வேண்டும். 65 முதல் 68 டிகிரி வரை நல்லது. சூடு மிகவும் அதிகமானால் நொதிகள் அழிந்துவிடும். பிறகு என்ன செய்தாலும் மிஞ்சுவது வெறும் கஞ்சிதான்!

முதல் சோதனை

வாலிபரிடம் ஒரு பெரிய ஐஸ் பெட்டி இருக்கிறது. குளிரைக் காக்கும் பெட்டி சூட்டையும் காக்கும் அல்லவா? அதன் அடியில் சல்லடைத் தட்டும் ஒரு குழாயும் பொருத்தி இருக்கிறார்.

73 டிகிரி வெந்நீர் 13½ லிட்டரை அதில் ஊற்றினார். பார்லியைக் கொட்டிக் கிளறினார். 67 டிகிரியில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. வெப்பமானியைப் பார்த்தார். 63!

வாலிபர் திடுக்கிட்டார். குளிர்ந்து கிடந்த பெட்டி சூட்டை இழுத்துக் கொண்டதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

"கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிப் பாருங்களேன்" என்றார் மனைவி. 2 லிட்டர் ஊற்றியதும் சூடு 67-க்கு ஏறியது. மூடியைப் போட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழிந்தது. ஒரு சொட்டுச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு, அதில் அயோடின் விட்டார்கள். மாவுச்சத்து மிச்சம் இருந்தால் கருநீலம் ஆகும். நிறம் மாறவில்லை. மாவு எல்லாம் சர்க்கரை ஆகிவிட்டது!

அவசரம்

குழாயைத் திறந்தார்கள். முதலில் கலங்கலாக வந்த சாற்றை மறுபடியும் பெட்டியிலேயே ஊற்றினார்கள். பிறகு தெளிந்த சாறு வந்தது. தேன் நிறம். நல்ல இனிப்பு.

தேங்காயில் முதல் பால் எடுத்த பிறகு தண்ணீர் விட்டு இரண்டாம் பால் எடுப்பது உண்டு. அதுபோலப் பார்லியையும் வெந்நீர் விட்டு அலச வேண்டும். இதை மெதுவாகச் செய்ய வேண்டும். மணி 12 ஆகிவிட்டதால் வாலிபர் குழாயை முழுவதும் திறந்துவிட்டார். தண்ணீர் ஓடியது. சர்க்கரையில் ஒரு பங்கு பார்லியிலேயே தங்கிவிட்டது.

அது அப்போது அவருக்குத் தெரியாது.

சாறு அடுப்பில் ஏறியது. கொதி வந்ததும் பால் போலப் பொங்கியது. மனைவி ஓடி வந்து அடுப்பைத் தணித்தார். 'ஹாப்ஸ்' என்ற கொடியின் பூவைப் போட்டார்கள். பீருக்குக் கசப்பு தருவது அதுதான். வாசனைக்காகக் கடைசியில் இன்னும் கொஞ்சம் போட்டார்கள். ஒரு மணி நேரம் கொதித்த சாறு, செப்புக் குழாய்ச் சுருளில் ஓடிய குளிர்ந்த நீரால் 20 டிகிரிக்கு ஆறியது.

பாலைச் சோதிக்கப் பால்மானி இருப்பது போல, இதற்கும் ஒரு மானி உண்டு. 1.052 காட்ட வேண்டும். காட்டியது 1.043! சர்க்கரை குறைவு. காலை முதல் பட்ட பாடு வீணா?

ஈஸ்ட்

வீண் ஆகவில்லை. சர்க்கரை குறைந்தால் பீரின் வேகம் குறையும், அவ்வளவுதான். கழுவிச் சுத்தம் செய்த ஜாடியில் சாற்றை ஊற்றி, ஈஸ்ட் தூவி மூடினார்கள்.

ஜெர்மனியில் பவேரியா நாட்டில் 1516-ம் ஆண்டு பீருக்கு ஒரு சட்டம் வந்தது. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் இந்த மூன்றுதான் சேரலாம் என்றது அது. ஈஸ்டைப் பற்றிப் பேச்சே இல்லை! புளிப்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் என்பது அக்காலத்தாருக்குத் தெரியாது. 19-ம் நூற்றாண்டில்தான் லூயி பாஸ்டர் அதை விளக்கிக் காட்டினார்.

மறுநாள் காலை ஜாடியின் குழலில் குமிழிகள் கிளம்பின. 2 வாரம் பொறுத்தார்கள். மானியின் எண் 3 நாள் அசையாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைத்தார்கள். புளித்து முடியும் முன்பே அடைத்தால் பாட்டில் வெடித்துவிடும்!

இன்னும் 2 வாரம் சென்றது. முதல் பாட்டிலைத் திறந்தார்கள். நுரை வந்தது. கணவர் ஒரு வாய் குடித்தார்.

"கொஞ்சம் நீர்த்துத்தான் போய்விட்டது" என்றார்.

"நம் வீட்டுப் பீர்தானே!" என்றார் மனைவி.

வாலிபர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அடுத்த தடவைக்கு 2 வரி எழுதி வைத்தார்:

"பெட்டியை முதலில் சூடாக்க வேண்டும். குழாயை மெதுவாகத் திறக்க வேண்டும்."