பாடு: பழவேற்காட்டின் இன்னொரு வரைபடம்

பழவேற்காடு பற்றி எழுத வருகிறவர்கள் கோட்டையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டை, செதுக்கு வேலைப்பாடுள்ள கல்லறைகள், 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. (இங்கிருந்து பத்தேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கு எந்தக் கல்லறையும் இல்லை.) நான் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்: பாடு.

பாடு என்றால் ஏரியில் வலை வைக்கும் இடம். அந்த இடத்தில் ஒருவருக்கு வரும் முறையும் அதுதான். ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. நீர் வடியும் நேரத்தில் முகத்துவாரத்தையொட்டி வலை வைத்தவன் அள்ளுவான். தள்ளி நிற்கிறவன் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். எனவே கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்றும் நல்ல இடங்களை முறை வைத்துச் சுழற்றிக்கொண்டன. இன்னிக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இவ்வகை ஏற்பாடு உண்டு.

இதைப் பொதுச்சொத்தைப் பேணும் மரபு ஞானம் என்று கொண்டாடும் சொல்லாடலை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. முறை யாருக்கு? பட்டினவர் சாதி ஆண்களுக்கு. தலித் மீனவர்களுக்கு இல்லை. தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பனையோலைப் பறியில் போடும் இருளர் பெண்களுக்கும் இல்லை. இறால் ஏற்றுமதிச் சரக்கான பிறகு பாட்டின் மதிப்பு ஏறியது. ஏரி என்ன உங்க அப்பன் வூட்டுச் சொத்தா என்று வெளியே நிற்கிறவன் கேட்கத்தானே செய்வான்?

அதற்காக அரசின் வரைபடம் மேல் என்று சொல்லிவிட முடியாது. ஏரியின் பெரும்பகுதியை ஆந்திரத்திலும் மிச்சத்தைத் தமிழ்நாட்டிலும் வைக்கிறது மாநிலக் கோடு. மீனுக்கு அது தெரியாது. 1969இல் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்குத் தேர்வானது, அங்கிருந்த குடிகள் பெயர்க்கப்பட்டார்கள். தெற்கே அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளி. இந்தக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. நடுவில் கல்லைக் கொட்டினால் வடபக்கம் கரை அரிக்கும். பழவேற்காடு இருப்பது வடபக்கம்.

முகத்துவாரம் மணலால் அடைபட்டுவிட்டால் இறால் வராது. அப்புறம் யாருடைய முறை என்ற கேள்விக்கே வேலையில்லை. காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை எதிர்த்து மீனவ ஊர்கள் குரல் கொடுத்து வருகின்றன, நியாயமாகவே. ஆனால் ஒற்றுமை கெடும், பாட்டில் பங்கு பற்றி இப்ப பேச வேணாம் என்கிற வாதம் எனக்கு உடன்பாடில்லை. ஏரியைக் காப்பாற்ற அழைக்கப்படும் இருளர் பெண்ணுக்கு அந்த ஏரியில் என்ன பங்கு என்பதை இப்போதே பேசியாக வேண்டும்.