உயரம் குறைக்கப்பட்ட கார்: உரிமையாளர் அறிய வேண்டியவை

ஸ்போர்ட்ஸ் காரின் உயரத்தைக் குறைத்தால் எடைமையம் கீழிறங்கி, வளைவுகளில் வண்டி சாய்வது குறையும் என்பது உண்மையே. ஆயினும் ஸ்பிரிங்கை மாற்றுவது பாதி வேலைதான் என்பதும், சக்கரக் கோணங்களைச் சீரமைக்கும் அலைன்மென்ட் என்ற மீதி வேலை விடுபட்டால் கார் முன்பு இருந்ததைவிட மோசமாக ஓடக்கூடும் என்பதும் வாங்குவோரிடம் பல நேரங்களில் சொல்லப்படுவதில்லை.

உயரம் குறையும்போது இரு கோணங்கள் பெரிதும் மாறுகின்றன. முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாயும் அளவு கேம்பர். மேலிருந்து பார்க்கையில் இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்கியோ விலகியோ நிற்கும் அளவு டோ. டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் பழி கேம்பர்மீது விழுகிறது; ஆனால் டயரை விரைவாகத் தின்பது பெரும்பாலும் கலைந்துபோன டோவே. வெளிப்பக்கம் புதிதாகத் தெரியும் டயரின் உள்விளிம்பில் கம்பி வெளிவந்திருந்தாலும், குனிந்து கையால் தடவிப் பார்க்காதவரை அது தெரியாது.

அலைன்மென்ட் முடிந்ததும் தரப்படும் கணினித் தாளில் சரிசெய்யுமுன் இருந்த அளவும் பின்பு அமைந்த அளவும் பதிவாகியிருக்கும். பல கார்களின் முன்சக்கரங்களில் கேம்பரைத் திருத்தத் தயாரிப்பாளர் வழி வைப்பதில்லையாதலால், கேம்பர் போல்ட் போன்ற தனிப் பாகம் பொருத்தாமல் டோவை மட்டும் திருத்திவிட்டு வேலை முடிந்ததாகச் சொல்வது எளிது. தாளில் கேம்பர் வரம்பு மீறிச் சிவப்பிலேயே இருந்தால், அது வேண்டுமென்றே விடப்பட்டதா, வழியின்றி விடப்பட்டதா என்று கேட்டு, பதிலைத் தாளிலேயே எழுதி வாங்குவது உரிமையாளருக்குப் பாதுகாப்பு. புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் அமர்ந்துவிடுவதால் மறுபரிசோதனையும் தேவை.

செலவைக் குறைக்கப் பழைய ஸ்பிரிங்கையே அறுப்பது மிகக் கொடிய குறுக்குவழி. அறுத்த முனை ஸ்பிரிங்கின் இருக்கைத் தட்டில் சரியாக அமராது. சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம்விட்டு நகரவும் கூடும். எந்த வழியில் உயரத்தைக் குறைத்தாலும் அடிப்பகுதி தரையில் இடிக்கும் ஆபத்தையும் எண்ண வேண்டும்: இந்தியச் சாலைக் காங்கிரஸின் தரப்படி அமைந்த வேகத்தடையே 10 செ.மீ. உயரம் உடையது, தரம் பாராமல் போடப்பட்டவை அதையும் மிஞ்சுகின்றன.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களோடு பதிவுச் சான்றிதழின் (ஆர்.சி.) விவரங்கள் முரண்படும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இத்தடையை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், பாகங்களைப் பொருத்துவது உட்பட, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. "ஆர்.சி.யில் உயரமே எழுதவில்லையே" என்ற கடைக்காரரின் வாதத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டுவது அறிவுடைமையன்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வதே வழி. தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டிச் சொந்தச் சேதத்துக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்க இடமுண்டு.

வேலை பிழையாயின் உரிமையாளர் கையறு நிலையில் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்குப் பரிகாரம் தருவதோடு, பில் தர மறுப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது. முதலில் பணிமனைக்கு எழுத்தில் முறையிட்டு, பின்னர் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். அதுவும் பலிக்காவிடில், குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணம் இல்லை. பில், அலைன்மென்ட் தாள்கள், தேய்ந்த டயரின் படங்கள், கழற்றிய பழைய ஸ்பிரிங் ஆகியவை அங்கே சான்றாகும். வேறு பணிமனையில் காரைத் திருத்தக் கொடுப்பதற்கு முன்பே, இருக்கும் நிலையிலேயே அதை அளந்து தாள் வாங்கிவிட வேண்டும்; திருத்திய பிறகு முதற்பிழையை மெய்ப்பிப்பது மிகக் கடினம்.