பெயருக்கும் உண்டு வில்லங்கம்

வீடோ மனையோ வாங்குவதற்கு முன்பு வில்லங்கச் சான்று பார்க்காதவர்கள் நம்மில் அரிது. அதே கவனத்தோடு, தம் பெயரில் என்ன வில்லங்கம் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? வீட்டுக் கடன் கேட்டு நான் அளித்த விண்ணப்பம் நிராகரிக்கப்படும் வரை நானும் பார்த்ததில்லை.

உறவினர் மகன் ஒருவர் வேன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்திட்டிருந்தேன். இடையில் தவணை தவறிய அவர், பின்னர் முழுத் தொகையையும் கட்டி, கடன் முடிந்ததற்கான கடிதமும் பெற்றுவிட்டார். ஆனால், என் கடன் அறிக்கையில் அது நிலுவையாகவே நின்றது. ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் அக்கடன் ஏறும் என்பதையே வங்கி மேலாளர் சொல்லித்தான் அறிந்தேன்.

கடன் அறிக்கை என்றாலே 'சிபில்' என்கிறோம். உண்மையில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இப்பணியைச் செய்கின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரங்களைத் தொகுத்து, 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுவதோடு அவற்றின் வேலை முடிகிறது. கடன் தருவதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. தவறான பதிவைக்கூட, அதை அனுப்பிய நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் திருத்துவார்கள். கையில் கடிதம் இருந்தும் நான் அலைய நேர்ந்தது இதனால்தான்.

புகார் அளித்த 30 நாள்களுக்குள் தீர்வு இல்லையெனில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பேரம் பேசிக் குறைந்த தொகையில் கடனை முடித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அக்கடன் 'முழுதும் அடைக்கப்பட்டது' என்று பதிவாவதில்லை, 'செட்டில்டு' என்றே பதிவாகி, அடுத்த கடனுக்குக் குறுக்கே நிற்கும்.

கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் வணிகரின் நிலை வேறு. வாடிக்கையாளரின் கடன் அறிக்கையை அவர் விருப்பப்படி எடுத்துப் பார்க்க இயலாது. எதிர்த்தரப்பு ஒரு கம்பெனியானால், அதன் சொத்துகள் எந்த வங்கியிடம் ஈடாக உள்ளன என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் காணலாம். திவால் நடவடிக்கை தொடங்கியிருந்தால் அந்த அறிவிப்பு திவால் வாரியத்தின் தளத்தில் வெளியாகும். தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் அந்நடவடிக்கையைத் தொடங்கக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும். ஐந்து லட்சத்துக்காக அங்கே போக முடியாது. ஆனால், வேறொருவர் தொடங்கிய நடவடிக்கையில் ஐந்து லட்சத்துக்கும் உரிமை கோரலாம். அறிவிப்பைப் பார்க்கத் தவறியவருக்கு அதுவும் நழுவிவிடும்.

தனிநபர் திவால், அதாவது நம் ஊர் வழக்கில் 'மஞ்சள் கடுதாசி', இன்னும் சிக்கலானது. 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் அளித்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு சென்னையில் 1909-ஆம் ஆண்டுச் சட்டமும், பிற மாவட்டங்களில் 1920-ஆம் ஆண்டுச் சட்டமும்தான். வழக்குகள் அந்தந்த நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தவணை தவறியவரின் செய்தி நாடெங்கும் உள்ள வங்கிகளுக்கு எட்டுகிறது. பல லட்சத்துக்கு மஞ்சள் கடுதாசி கொடுத்தவரைப் பற்றி அடுத்த தெரு மளிகை வணிகருக்குத் தெரிய எளிய வழியில்லை. இந்த முரணை அரசு இத்தனை காலம் விட்டுவைத்திருப்பது சரியல்ல.

என் அறிக்கை 26-ஆம் நாளில் திருத்தப்பட்டது. விதிப்படி தாமதமில்லை, ஆகவே இழப்பீடும் இல்லை. நான் பேசி வைத்திருந்த வீடு அதற்குள் வேறொருவர் பெயரில் பதிவாகிவிட்டது.