சட்டமும் சுற்றமும்

மனிதன் ஒரே வேளையில் இரு சட்டங்களுக்கு உட்பட்டு வாழ்கிறான். ஒன்று அரசு எழுதி வைத்தது. மற்றொன்று அயலார் எழுதாமலே காத்து வருவது. இவ்விரண்டும் தம்முள் முரணுங்கால் அவன் எதற்குக் கடமைப்பட்டவன்? இவ்வினாவை எழுப்பும் நாடகங்களுள், அமெரிக்க ஆசிரியராகிய ஆதர் மில்லர் இயற்றிய 'பாலத்திலிருந்து ஒரு பார்வை' சிறந்ததொன்று. 1955இல் ஓரங்க நாடகமாக நியூயோர்க்கில் அரங்கேறிய இது, 1956இல் ஈரங்கமாக விரிக்கப்பெற்றுப் பீற்றர் புறூக்கின் நெறியாள்கையில் இலண்டனில் நடிக்கப்பெற்றது.

களம், நியூயோர்க்கின் புறூக்லின் பகுதியிலுள்ள றெட் ஹூக் என்னும் துறைமுகக் குடியிருப்பு. அங்கு இத்தாலியிலிருந்து குடியேறியோர் செறிந்து வாழ்ந்தனர். 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இத்தாலியர் வருகையை மிகவும் சுருக்கிற்று. சிசிலித் தீவின் வறுமையோ அவர்களைக் கப்பலேற்றிற்று. கள்ளமாக வந்திறங்கிய உறவினரை வீட்டில் ஒளித்து வைத்தல் அரசுக்குக் குற்றம், அயலாருக்கோ அறம்.

எடி காபோன் கப்பலிற் சரக்கிறக்கும் தொழிலாளி. பெறாமகள் கதரினைத் தன் மகளென வளர்த்தவன். மனைவி பீயற்றிஸின் சகோதரமுறையினரான மாக்கோ, றொடொல்போ இருவருக்கும் மனமுவந்தே இடங்கொடுக்கிறான். அவர்கள் வருமுன்னர், தன் உறவினனைக் காட்டிக்கொடுத்த ஓரிளைஞனை அவனுடைய தந்தையும் உடன்பிறந்தாருமே தெருவில் வைத்துக் காறியுமிழ்ந்த கதை அவ்வீட்டிற் பேசப்படுகிறது. எடியின் முடிவு அங்கேயே குறிக்கப்பட்டுவிடுகிறது.

கதரினும் றொடொல்போவும் காதல் கொள்கின்றனர். எடியின் உள்ளத்தே, அவன் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளாத வேட்கையொன்று கனல்கிறது. மணத்தைத் தடுக்க வழியுண்டோ என்று சட்டத்தரணி அல்பியேரியை நாடுகிறான். அவர்கள் நாட்டினுள் நுழைந்த முறையொன்றே சட்டத்துக்குரிய பொருள் என்கிறார் அவர்; நண்பரெல்லாரும் கைவிடுவர் என்றும் எச்சரிக்கிறார். எடி தொலைபேசியை எடுக்கிறான். அதன் பின்னரே, இறைச்சிக் கடைக்காரர் லிப்பாரியின் உறவினர் இருவரும் அதே வீட்டின் மேல்மாடியில் தங்கியிருப்பதை அறிந்து பதறுகிறான். அதிகாரிகளோ வாயிலில் நிற்கின்றனர். தனக்கொரு தீங்கும் இழையாத அவ்விருவரும் அகப்படுகின்றனர்.

இரு பற்றுகளிடையே சிக்கியவன் எடி என்பர் சிலர். நுணுகி நோக்கின் அஃது அவ்வாறன்று. அவன் அரசின் சட்டத்தை மதித்தானல்லன். தன் பொறாமைக்குக் கருவியாக்கினான். உண்மையில் இருபுறமும் இழுக்கப்பட்டவள் பீயற்றிஸ். காட்டிக்கொடுக்கப்பட்டோர் அவள் சுற்றத்தார். காட்டிக்கொடுத்தவன் அவள் கணவன். கதரினின் மணத்துக்குச் சென்றால் வீடு திரும்ப வேண்டாமென அவன் கூற, அவள் செல்லாது தங்குகிறாள். ஆயினும், அவன் நாடுவது வேறு, அது என்றுங் கிட்டாதது என முகத்துக்கெதிரே உரைக்கிறாள். கணவனை நீங்காமை, அவன் பொய்க்கு உடன்படாமை ஆகிய இரண்டும் அவளிடத்தே ஒருங்கு நிற்கின்றன.

பழிவாங்கேனென வாக்களித்துப் பிணையில் வந்த மாக்கோவிடம், அயலார் முன்னிலையில் தன் நற்பெயரை மீட்டுத் தருமாறு எடி கேட்கிறான். அவன் ஓங்கிய கத்தியே திரும்பி அவனை மாய்க்கிறது.

காட்டிக்கொடுத்தல் எக்காலும் இழிவோ? எலியா கசான் 1954இல் ஆக்கிய 'ஒன் த வாட்டர்புரொன்ட்' என்னும் படமும் துறைமுக மாந்தரைப் பற்றியதே. அதில் மௌனங் கலைத்துச் சாட்சி சொல்பவன் வீரனாகிறான். கசான் 1952இல் பிரதிநிதிகள் சபைக் குழுவின்முன் பழைய தோழர் பெயர்களை வெளியிட்டவர்; மில்லர் 1956இல் அக்குழுவின்முன் பிறர் பெயர் கூற மறுத்து, 1957இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 1958இல் மேன்முறையீட்டில் விடுபட்டவர். எனினும் படத்தின் நாயகன் கொலைக்கஞ்சாத தலைவனுக்கெதிராகப் பேசினான்; எடி புகலிடந் தேடிய வறியோருக்கெதிராகப் பேசினான்.

பேசியதா, மௌனம் காத்ததா என்பது மட்டும் அறத்தின் அளவுகோலாகாது. யாருக்கெதிராக, எதன்பொருட்டு என்பவற்றையும் வினாவுதல் வேண்டும். அவ்வினாவைத் தன் நெஞ்சிடம் கேளாத ஒருவன், ஒரு தெருவையே தனக்குப் பகையாக்கிக்கொண்ட வரலாறே இந்நாடகம்.