திண்ணையில் நடந்த பள்ளிக்கூடம்

கிராம வளர்ச்சிக்காக நகரத்துத் தொண்டர்கள் செய்யும் வேலை பெரும்பாலும் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். 1969-ல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தின்படி, அதில் சேர்ந்த கல்லூரி மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும்; தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாமும் உண்டு. சென்னைக் கல்லூரிகளிலிருந்து செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து ஊர்களுக்குப் போகிறவர்கள் குளக்கரையைச் சுத்தம் செய்வார்கள், மரக்கன்று நடுவார்கள், கண் பரிசோதனை முகாமில் வரிசையை ஒழுங்குபடுத்துவார்கள். கிராமத்தையே பார்த்தறியாத மாணவருக்கு அது நல்ல படிப்பு. ஆனால் நட்ட கன்றுக்கு எட்டாம் நாள் தண்ணீர் ஊற்ற உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும்.

அந்த உள்ளூர் ஆளைத் தேடிப் பிடித்ததில்தான் சென்னையின் சில முயற்சிகள் வேறுபடுகின்றன. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-ல் நிறுவிய வி.எச்.எஸ். (வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ்) அமைப்பு, அடையாறில் மருத்துவமனை நடத்தியதோடு நிற்காமல், சுற்றுவட்டாரக் கிராமங்களில் சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் சிறு நலவாழ்வு மையங்களை அமைத்தது. மருத்துவர் எப்போதாவதுதான் வர முடியும். அன்றாடம் வீட்டுக்கு வீடு போய்ப் பார்க்கும் வேலை, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களுடையது.

இதே வழியில் இன்னும் வெகுதூரம் போனது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1980-ல் தோன்றிய இதில் ஆராய்ச்சியாளர்களும் ஆசிரியர்களும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் அவர்களில் ஒருவர். இயக்கத்தின் அலுவலகம் கோபாலபுரம் அவ்வை சண்முகம் சாலையில் நெடுங்காலம் இயங்கியது. அறிவியலை எளிய தமிழில் சொல்வதுதான் முதல் நோக்கம்; குழந்தைகளுக்காக ‘துளிர்’ இதழ் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் அறிவியலை எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி எழுந்தபோது, இயக்கம் எழுத்தறிவுப் பணிக்குள் இறங்கியது.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990-ல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதும், தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் அறிவியல் இயக்கத்தின் பங்கோடு ‘அறிவொளி இயக்கம்’ பரவியது. 1991-ல் புதுக்கோட்டையில் தொடங்கிய பணி அதில் பெரிதாகப் பேசப்பட்டது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அரசு இயந்திரத்தை முழுவதுமாக அதன் பின்னால் நிறுத்தினார். பயிற்சி தருபவர்களுக்குக் ‘கருத்தாளர்’ என்று பெயர். அவர்கள் பயிற்றுவித்தது ஊரிலேயே பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்துவிட்டு வீட்டில் இருந்த இளைஞர்களையும் பெண்களையும்தான். சுமார் பத்துக் கற்போருக்கு ஒரு தொண்டர், சம்பளம் கிடையாது. வயல்வேலை முடித்து, உலை வைத்துச் சாப்பிட்ட பிறகு, திண்ணையிலும் தெருவிளக்கடியிலும் வகுப்பு. பாடநூல் ‘அ, ஆ’ என்று தொடங்கவில்லை. ‘பட்டா’, ‘படி’ என்ற சொற்களில் தொடங்கியது. நிலத்துக்குப் பட்டா இல்லாதவர் அந்தச் சொல்லை எழுதிப் பார்க்கும்போது வகுப்பு தானாகவே விவாதமாக மாறிவிடும். எழுத்தறிவுப் பணியின் மிகக் கூர்மையான யோசனை இதுதான் என்று சொல்லலாம்.

புதுக்கோட்டையில் சைக்கிளும் இயக்கத்தோடு சேர்ந்துகொண்டது. அடுத்த ஊருக்குப் போய் வகுப்பெடுக்க வேண்டிய பெண் தொண்டருக்குப் பேருந்துக்காகக் காத்திருந்து கட்டுப்படியாகாது. வங்கிக் கடன் ஏற்பாடானது. பயிற்சி முகாம்கள் நடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் கண்ட கூடுதல் வசதி. தண்ணீர் எடுக்கவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் யார் துணையும் தேவைப்படவில்லை.

இந்த வேகம் நீடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுத்துக் கற்றவர் தொடர்ந்து படிக்கப் புத்தகமோ செய்தித்தாளோ ஊரில் இல்லாதபோது, கற்றது மறந்தது. ஆட்சியர் மாறினால் ஆர்வம் குறைந்த மாவட்டங்கள் உண்டு. சம்பளமில்லாத தொண்டருக்குத் திருமணமோ வெளியூர் வேலையோ வந்ததும் வகுப்பு நின்றது. அறிவொளி இயக்கத்தில் பணியாற்றிய எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அந்த அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ நூலில் எழுதியிருக்கிறார். தொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய புத்தகம் அது.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது ஆளெடுப்பு முறை பழையதுதான்: ஊர்க்காரர், பெரும்பாலும் பெண், மாலை வகுப்பு, வீட்டு வாசல். ஒன்று மட்டும் மாறியிருந்தது. தொண்டருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது.