நள்ளிரவில் சுருங்கிய தூரம்

கிட்வாய் நகருக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தூரம்? தில்லியின் இந்த அரசு ஊழியர் குடியிருப்பில் அந்தக் காலத்தில் வசித்த தமிழர்கள் இதைக் கிலோமீட்டரில் சொன்னதில்லை. ‘ரெண்டு ராத்திரி’ என்பதே அவர்கள் கணக்கு. ரயில் பாதையின் நீளம் ஏறக்குறைய 2,180 கி.மீ. ‘உடனே புறப்படவும்’ என்று ஊரிலிருந்து தந்தி வந்தால், போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் எல்லாக் காரியமும் முடிந்திருக்கும்.

வானில் தூரம் குறைவு. நேர்கோட்டில் சுமார் 1,760 கி.மீ. மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இது இரண்டு மணி நேரத்துச் சொச்சம்தான். ஆனால் கால அட்டவணை மூன்று மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, நேர்கோடாக அமையாத வான்வழி, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது என்று மிச்ச நேரம் கரைந்துவிடுகிறது.

குமாஸ்தா சம்பளத்தில் விமானம் எட்டாக்கனி. ஆனால் அவர்கள் எழுதிய கடிதங்கள் பறந்தன. அதற்குக் காரணம் இந்தக் குடியிருப்புக்குப் பெயர் தந்த ரஃபி அகமது கிட்வாய்தான். சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சரான அவரது காலத்தில், 1949 ஜனவரி இறுதியில், இரவு விமானத் தபால் சேவை தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் விமானங்கள் கிளம்பும். நாட்டின் நடுவே, தில்லிக்கும் மதராஸுக்கும் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கும் நாக்பூரில் நள்ளிரவில் சந்திக்கும். தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, பொழுது விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பும். ஜெட் அல்ல, டக்கோட்டா விமானங்கள். இருந்தும் தில்லியில் மாலை தபாலில் சேர்த்த கடிதம் மறுநாள் காலை மதராஸில் இருந்தது. அதே ஆண்டில், தனிக் கட்டணம் இல்லாமலே சாதாரணக் கடிதங்களும் விமானத்தில் ஏறத் தொடங்கின.

அந்த நாக்பூர் சந்திப்பு 1970களில் முடிவுக்கு வந்தது. கிட்வாய் நகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சஃப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து 1962-லேயே பயணிகள் விமானங்கள் பாலத்துக்குப் போய்விட்டன. கிழக்கு கிட்வாய் நகரின் பழைய குவார்ட்டர்ஸ்களும் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. குமாஸ்தாக்களின் பிள்ளைகள் இன்று சர்வசாதாரணமாக விமானம் ஏறுகிறார்கள்.

ஆனால் டிக்கெட் விலை ஆளின் அவசரத்தைப் பார்க்கிறது. மூன்று மாதம் முன்பே நாள் குறித்த கல்யாணத்துக்கு ஒரு விலை. நள்ளிரவில் வந்த தொலைபேசிக்குப் பிறகு, விடிகாலை விமானத்தில் இடம் தேடுபவருக்குச் சில சமயம் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. கிட்வாயின் விமானத்தில் போன கடிதத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது. கல்யாணச் செய்தியானாலும் கருமாதிச் செய்தியானாலும் ஒரே தபால்தலைதான்.